ஓசைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

நெய்த துணி எவ்வளவு, விளைந்த நெல் எத்தனை மூட்டை, பங்குத்தொகை எவ்வளவு என்பன யாவும் நமது சங்கப் பேரேடுகளில் ஒழுங்காகப் பதிவாகின்றன. ஆனால் அத்துணியை நெய்த தெருவும் அந்நெல் விளைந்த வயலும் எவ்வாறு ஒலித்தன என்பதற்கு நம்மிடம் ஏடு இல்லை. அங்ஙனம் ஓர் ஏடு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கண்ணுக்குப் புலப்படாத நஷ்டத்தைக் காது கண்டுகொள்ளும். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் லிங்கன் புல்வெளி என்றோர் இடம் உண்டு. ஆங்காங்கே சில மரங்களை மட்டும் வெட்டுவதால் அங்குள்ள காட்டுக்குக் கேடு நேராது என்று மரம் வெட்டும் நிறுவனம் கூறிற்று. வெட்டு நிகழுமுன், 1988-ஆம் ஆண்டில், பெர்னி கிரவுஸ் என்பவர் அவ்விடத்து விடியற்கால ஓசைகளை ஒலிப்பதிவு செய்தார். மறு ஆண்டு அதே பருவத்தில், அதே வேளையில், மீண்டும் பதிவு செய்தார். பார்வைக்குக் காடு முன்போலவே இருந்தது. பதிவிலோ பறவைகளின் பல குரல்கள் மறைந்து, ஓடையின் ஓசையும் ஒரு மரங்கொத்தி தட்டும் ஓசையுமே மேலோங்கி நின்றன. பன்முறை திரும்பச் சென்றும் பழைய நிறைவு மீளவில்லை என அவர் தெரிவித்துள்ளார்.

காட்டைப் போன்றே ஊரையும் காதால் அறியலாம். கனடா நாட்டு மரே ஷேஃபரின் குழுவினர் 1975-இல் ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு, ஸ்காட்லாந்து ஆகியவற்றில் நாட்டுக்கொரு கிராமமாக ஐந்து கிராமங்களின் ஓசைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பின்லாந்து ஆய்வாளர் அவ்வூர்களுக்கே சென்று மறுபடியும் பதிவு செய்தனர். முதற்பதிவு இல்லாதிருப்பின் எதனோடு ஒப்பிட்டிருப்பர்? தொடக்க இருப்பு எழுதாத கணக்கில் லாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது.

நமது நிலை யாது? ஏற்றப்பாட்டின் சொற்கள் நூல்களில் அச்சாகியுள்ளன. ஆயினும் ஏற்றமரம் கிறீச்சிட, சால் நீர் சொரிய, அவற்றினிடையே எழுந்த குரலை அச்சில் வார்க்க இயலாது. பம்புசெட்டு வந்தபின் அது வயலைவிட்டே அகன்றது. குழித்தறியின் ஓசையும் தெருத்தெருவாக விசைத்தறியின் இரைச்சலுக்கு இடம் கொடுத்து வருகிறது. தறியின் தாளம் பிசகினால் திரும்பிப் பாராமலே உணரும் நெசவாளருக்கு இவ்விழப்பின் தன்மையை நாம் விளக்க வேண்டியதில்லை.

நூல் விலையும் கூலியும் நெருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். செலவு மிகுந்த காரியமாயின் நாமும் அவ்வாறே கேட்போம். இன்று கைப்பேசியே பதிவுக் கருவியாகிவிட்டது. ஆண்டுக்கு நான்கு நாள், குறித்த இடங்களில், குறித்த வேளையில், பத்து நிமிடம் பதிவு செய்தால் போதும். நாள், நேரம், காற்று, மழை, பயிரின் நிலை ஆகியவற்றையும் உடன் எழுதிவைத்தல் அவசியம். ஒரு காலை பறவைகள் குறைந்திருந்தால் அது காற்றினாலும் இருக்கலாம். பல ஆண்டுப் பதிவே உண்மையை உணர்த்தும். மக்களின் பேச்சையும் பாட்டையும் அவர்தம் சம்மதம் பெற்றே பதிய வேண்டும். பதிவுகள் சங்கத்தின் பொதுச் சொத்தாக விளங்க வேண்டும்.

ஆகவே, வருகின்ற பொதுப்பேரவையில் ஒவ்வொரு சங்கமும் இதற்கென இளைஞர் இருவரை நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தறிகள் ஓடும்போதே, வயலில் தவளையும் குருவியும் ஒலிக்கும்போதே, தொடக்க இருப்பை எழுதிவிடுவோமாக.