சூளையே வீடானால்

எருக்கலம்பிட்டியிலிருந்து புறப்பட்டுத் தாம்போதியைக் கடந்தால் மாந்தை அண்மையில் உளது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்ந்தபோது, சீனத்துக் கலங்களின் துண்டுகளும் இசுலாமிய நாடுகளின் மெருகிட்ட கல ஓடுகளும் வெளிப்பட்டன. பச்சை மண் ஒரு மாரிக்கே கரைந்துவிடும். நெருப்பில் வெந்த மண்ணோ ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் கரைவதில்லை. அங்ஙனமாயின், மண் வீட்டையே சுட்டுவிட்டால் என்ன?

விளையாட்டுக் கேள்வியன்று, வாசகர்களே! புதுச்சேரியில் இதனைச் செய்தே பார்த்தார் ஒரு மட்கலைஞர். ரே மீக்கர் என்னும் அவ்வமெரிக்கரும், ஜப்பானில் இத்தொழில் பயின்ற டெபோரா ஸ்மித்தும் 1971இல் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டச் சாலையை அங்கு நிறுவினர். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதிர் கலீலி தம் நாட்டில் மண்வீடுகளைச் சுட்டுப் பார்த்த செய்தி மீக்கரைத் தூண்டிற்று.

நம் நாட்டுப்புறக் குயவர் பானைகளை அடுக்கி, விறகும் வைக்கோலும் இட்டு, மேலே சேறு பூசி எரிப்பர். பானை வெந்ததும் சூளையைக் கலைத்துவிடுவர். மீக்கர் இம்முறையைத் தலைகீழாக்கினார். கலைய வேண்டிய சூளை நிலைத்து நின்று வீடாயிற்று. பச்சைச் செங்கல்லால் சுவரும், மரச்சட்டமே வேண்டாத வளைகூரையும் எழுப்பினார். அறைகளுக்குள் சுடாத செங்கற்களையும் பிற மண்பொருள்களையும் நிறைத்து, நாட்கணக்கில் தீயிட்டார். உள்ளே வெந்த பொருள்களின் விலையால் விறகுச் செலவை ஈடுகட்டுவது அவர் கணக்கு. எத்துணை நுட்பமான கணக்கு!

ஆயினும் ஏழைக்கு மலிவான வீடு என்னும் அவர் கனவு பரவலாகக் கைகூடவில்லை. விறகு ஏராளமாக வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு அத்தனை மரத்தை எரிப்பது தகுமோ என்னும் ஐயம் எமக்கும் உண்டு. குயவரின் சூளைக்குள் ஒரு வீடு ஒளிந்திருப்பதைக் கண்ட கண்ணை மட்டும் எவரும் குறைகூற இயலாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலத்தின் பின் திரும்பியோர் வாழும் எருக்கலம்பிட்டியில், மலிவான வீடு என்பது வெறும் கலைப்பேச்சன்று. ஆனால் மன்னார்த் தீவின் நிலமோ பெரும்பாலும் மணல். களிமண் வேண்டுமெனில் பெருநிலத்து முருங்கனுக்கே போகவேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு முன்னாளில் களிமண் ரயிலேறிச் சென்றதும் அங்கிருந்துதான்.