மேளக்காரர் பேரு என்ன?

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகிற வழியில் அதியமான்கோட்டை என்று ஓர் ஊர். தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவரைக் கும்பிட வேன் பிடித்துப் போகிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அங்கேயே அரசாங்கம் கட்டிவைத்திருக்கும் அதியமான் கோட்டத்தில் அதியமானும் ஔவையாரும் சிலையாக இருக்கிறார்கள். நெல்லிக்கனி கதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அத்துப்படி. நான் சொல்ல வந்தது வேறு கதை.

அதே ஔவையார் அதே அதியமானைப் பற்றிப் பாடிய இன்னொரு பாட்டு, புறநானூற்றில் 103-வது. அதில் ஒரு பெண் வருகிறாள். தூக்கி வந்த சுமையில் ஒரு பக்கம் பதலை தொங்குகிறது, இன்னொரு பக்கம் சின்ன முழவு. இரண்டுமே தோல்வாத்தியங்கள். காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, இதை நிரப்ப யார் இருக்கிறார்கள் என்று வறண்ட வழியில் உட்கார்ந்திருக்கிறாள். அதியமானிடம் போ, அவன் கொடுப்பான் என்கிறார் ஔவை. கொடுத்தவர் பெயர் இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது. பாடியவர் பெயரும் நிற்கிறது. மேளம் சுமந்தவள்? 'விறலி'. அவ்வளவுதான். அது பெயர் இல்லை சார், டெசிக்னேஷன்!

நாம் மட்டும் மாறிவிட்டோமா? ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம். 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்த சத்தம். மேடையில் 19 பேர். சரி, பெயர்களைச் சொல்லுங்கள் பார்ப்போம். அறிவு, இசைவாணி, டென்மா... நான்காவது? கானா கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் சொல்வீர்கள். பறை அடித்தவர்? கிடார்? சட்டி வாசித்தவர்? பிறகு யாராவது விலகினார்களா, புதிதாக யார் சேர்ந்தார்கள்? தெரியாது. ஏனென்றால் இருந்ததே தெரியாது. இருந்தது தெரியாதவர் போனால் மட்டும் எப்படித் தெரியும்?

குழு என்றால் ஆள் மாறத்தான் செய்யும். அதில் எனக்குப் புகார் இல்லை. வெளிநாட்டில் 'ஸ்கா பங்க்' என்று ஒரு வகை இசை. ஜமைக்காவின் ஸ்காவையும் பங்க் ராக்கையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டியது. கிடார், டிரம்ஸ் போதாதென்று டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் வேறு. கிட்டத்தட்ட நம்மூர் கல்யாண பேண்டு செட்டுக்குப் பேய் பிடித்த மாதிரி! ஏழெட்டுப் பேரைக் கட்டி மேய்க்க வேண்டும். வருமானம் ஏழெட்டாகப் பிரியும். ஒருத்தர் காலேஜுக்குப் போவார், ஒருத்தர் கோபித்துக்கொண்டு போவார். அமெரிக்காவில் 'கேட்ச் 22' என்ற குழு 1998-ல் 'கீஸ்பி நைட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பாட்டெழுதிப் பாடிய தாமஸ் கால்நோக்கி அந்த வருஷமே வெளியே வந்துவிட்டார். 2006-ல் தன் புதுக் குழுவான 'ஸ்ட்ரீட்லைட் மேனிஃபெஸ்டோ'வை வைத்து அந்த ஆல்பம் முழுவதையும் திரும்பப் பதிவு செய்து வெளியிட்டார். அதே பாட்டு, அதே தலைப்பு, வேறு ஆட்கள். ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிரம்ஸ் இதில் நன்றாயிருக்கிறது, அதில் சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். நல்ல சண்டை. வாசித்தவர் யாரென்று தெரிந்தால்தானே அந்தச் சண்டையே போட முடியும்?

நான் பி.காம். அக்கவுண்டன்சியில் எங்களைப் படுத்தி எடுத்த பாடம் கூட்டாண்மைக் கணக்கு. கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், கூட்டாளி இறப்பு. யார் வந்தாலும் போனாலும் முதலில் 'நற்பெயர்' என்கிற குட்வில்லை மதிப்பிட வேண்டும். கடைக்கு வந்த நல்ல பேரில் போகிறவருக்கும் பங்கு உண்டு, அதைத் தீர்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். 1932-ம் வருஷச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணக்குத் தீர்க்காமல் அவருடைய சொத்தையும் வைத்துக் கடையைத் தொடர்ந்து நடத்தினால், விலகியவர் லாபத்தில் பங்கு கேட்கலாம், அல்லது 6 சதவிகித வட்டி கேட்கலாம். மளிகைக் கடைக்கு இவ்வளவு நியாயம் பேசுகிற நாட்டில், பாட்டுக் குழுவுக்கு மட்டும் 'தம்பி கிளம்பிட்டாப்ல' என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

ஒழுங்காக நடந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழுவில் தபலா வாசித்துக்கொண்டே பாடியவர் அஷீம் சக்ரவர்த்தி. 2009 டிசம்பர் 25-ம் தேதி இறந்துபோனார். அவர் பாடிவைத்துவிட்டுப் போன பாட்டுகளை 2010-ல் மாதம் ஒன்றாக இலவசமாகவே வெளியிட்டார்கள். ஆல்பத்துக்குத் தலைப்பு '16/330 கஜூர் ரோடு'. அவர்கள் ஒத்திகை பார்த்த வீட்டு விலாசம்! பிறகு அவர் இடத்தை நிரப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது, தபலாவுக்கு ஒருவர், பாட ஒருவர். 2013-ல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிடார்காரர் சுஸ்மித் சென்னும் விலகினார். 2014-ல் 'தந்தானு' ஆல்பம் புது ஆட்களோடு வந்தது. யார் போனார், யார் வந்தார் என்பது அந்தக் குழுவைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

இங்கே? 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. எழுதிப் பாடியவர் அறிவு, உடன் பாடியவர் தீ, இசை சந்தோஷ் நாராயணன். அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார், அறிவு இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு அவருக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை! 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா. பாட்டு மேடை ஏறியது, அறிவு ஏறவில்லை. என் பாட்டு என்று அவர் எழுத, எல்லோருடைய உழைப்பும் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுத, நாம் ஆளுக்கொரு பக்கம் நின்று விசில் அடித்தோம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கு, யார் எந்த வரியை உண்டாக்கினார், யார் எதை வாசித்தார் என்று ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு தாள் முதல் நாளே இருந்திருக்க வேண்டாமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிதாகச் சேர்ந்த 38பி பிரிவு, 'இதை நிகழ்த்தியவன் நான்' என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. பாடகருக்கு மட்டுமில்லை, வாத்தியக்காரருக்கும்தான். ஆனால், ஒரு கஞ்சிரா வாசிக்கிறவர் இதைக் காட்டி கம்பெனியோடு மல்லுக்கு நின்றால், அடுத்த ரெக்கார்டிங்குக்கு போன் வருமா? அதனால்தான் இந்தப் பிரிவு புத்தகத்திலேயே பத்திரமாக இருக்கிறது.

கேசட் காலத்திலாவது அட்டை என்று ஒன்று இருந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் அதில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போட ஆரம்பித்தார். 'பம்பாய்' படத்தின் அந்தப் புல்லாங்குழல் நவீன் என்று இன்றைக்கும் நாலு பேர் சொல்வது சும்மா இல்லை. இப்போது அட்டையே கிடையாது. செல்போன் திரையில் இரண்டு பெயர் ஓடும், மூன்றாவது பெயருக்குள் இடம் முடிந்துவிடும். இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் எத்தனை சித்தப்பா பெயர் போடுகிறோம்!

'ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்கு சார் பேப்பர்?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஃப்ரெண்டாக இருக்கும்போதுதானப்பா எழுத முடியும்? சண்டை வந்த பிறகு எழுதினால் அதற்குப் பெயர் வக்கீல் நோட்டீஸ். எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, நடுவில் போனால் பழைய பாட்டுக்கு என்ன, குழுவின் பெயர் யாரிடம் இருக்கும். அரைப் பக்கம் கூட வராது.

கேட்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தர்மபுரிப் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பம்பை வரும், நையாண்டி மேளம் வரும். விடிய விடிய அடிப்பார்கள். ஒலிபெருக்கியில் நூற்றியொரு ரூபாய் நன்கொடை கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் இரண்டு தடவை வாசிக்கப்படும். அதே மைக்கை அந்த ஐந்து மேளக்காரர்களிடம் ஒரு நிமிஷம் நீட்டினால் ஆளுக்கொரு பெயர் சொல்லப்போகிறார்கள். போன வருஷம் வந்து இந்த வருஷம் வராதவர் எங்கே என்றும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.