புதிய சட்டம் கேட்கும் நண்பர்களுக்கு

மெய்நிகர் உலகத்துக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு நுழைகிற அவ்வுலகில் ஒரு பெண்ணின் உருவத்தைச் சூழ்ந்து நின்று இம்சித்தால், உடலில் காயமில்லை என்பதற்காக அதை விளையாட்டென்று விட்டுவிடலாகாது என்பது அவர்கள் கட்சி. அதில் எனக்கு மறுப்பில்லை. உருவம் பொய்யாக இருக்கலாம், அதன் கண்ணால் பார்த்து நடுங்குகிறவள் பொய்யல்ல. மெட்டா நிறுவனத்தின் தளத்தில் 2021 இல் இத்தகைய முறைப்பாடுகள் எழுந்தன. 2022 பெப்ரவரியில் அந்நிறுவனமே உருவங்களுக்கிடையில் ஏறத்தாழ நான்கு அடி இடைவெளி வைத்தது. தீங்கே இல்லையென்றால் வேலி எதற்கு?

புதிய சட்டம் என்றதும்தான் எனக்கு அச்சம் வருகிறது. 2019 மே மாதம், ஆடையில் அச்சிட்டிருந்த கப்பற் சுக்கானைத் தர்மச் சக்கரமென்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணை ஹஸலக பொலிஸார் கைது செய்தார்கள். விளக்கமறியலுக்கு அனுப்பியது எமது ஊவாவின் மகியங்கனை நீதிமன்றம். பிரயோகிக்கப்பட்டது, குடியியல் உரிமைகளின் பெயரால் 2007 இல் இயற்றிய 56 ஆம் இலக்கச் சட்டம்! 'நவரசம்' கவிதைகளுக்காக அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2023 டிசம்பரில்தான் விடுதலையானதை இவ்வேட்டின் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆடைச் சித்திரத்துக்கே இந்தக் கதி என்றால், மெய்நிகர் உருவம் உடுத்துவதையும் பூசுவதையும் யார் எப்படி வாசிப்பார்களோ?

2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பெண்களையும் பிள்ளைகளையும் காட்டித்தான் வந்தது. தடைக்குரிய கூற்று எதுவென்று பார்க்கும் வேலையை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது.

தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 இலேயே திருத்தப்பட்டுவிட்டது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்தால் ஐந்து வருடம் வரை சிறை, நட்டஈட்டுக்கும் கட்டளையிடலாம். கருவியைப் பிடித்த கை அசைவதும் செயல்தானே? ஐயமிருந்தால் ஒரு வரி விளக்கம் சேர்க்கட்டும். பாதிக்கப்பட்டவள் இன்னாள், செய்தவன் இன்னான், செய்தது இது என்று காட்ட முடிந்தால் வழக்கு. மனம் புண்பட்டதென்று ஒரு கூட்டம் திரண்டு வருவது வழக்கல்ல.

எங்கள் தெமோதரைப் பக்கத்து லயங்களில் இன்னும் அந்தக் கருவியைக் காணோம். கைபேசி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி அனுப்ப அது போதும். அந்தப் பிள்ளை பொலிஸ் நிலையம் போனால், முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள அங்கே ஒருவர் வேண்டும்; கையொப்பமிடுவதற்கு முன் அதை அவளே வாசித்துப் பார்க்கவும் வேண்டும். நண்பர்கள் கொழும்பில் மகஜர் கொடுக்கும்போது அதையும் எழுதட்டும்.