நோயை மறைத்துக் கடலில் இறங்கலாமா?

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் பவளப் பாறைகள் இருக்கின்றன. 2,300 கிலோ மீட்டர் நீளத்துக்கு, தண்ணீருக்கு அடியில் பூந்தோட்டம் போல் காட்சி தருகின்றன. அதைப் பார்க்க உலகம் எங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள்.

அதற்காக முத்துக் குளிப்பவர் போல மூழ்க வேண்டியது இல்லை. முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வளைந்த குழாய் ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு, குப்புற மிதந்தால் போதும். குழாய் வழியே மூச்சு விடலாம். இதற்கு "ஸ்நார்க்கலிங்" என்று பெயர்.

"இது சின்னப் பிள்ளை விளையாட்டு" என்கிறார்கள். அங்கேதான் ஆபத்து!

ஒரே வாரத்தில் 3 சாவு

2016-ம் ஆண்டு நவம்பர் மாதம் கெய்ன்ஸ் நகரில் இருந்து ஒரு படகு போயிற்று. மைக்கேல்மாஸ் கே என்ற மணல் திட்டில், பிரான்ஸ் நாட்டு முதியவர் ஒருவரும் மூதாட்டி ஒருவரும் கடலில் இறங்கினார்கள். இருவருக்கும் 70 வயதுக்கு மேல். ஏற்கெனவே உடல் கோளாறு உள்ளவர்கள். சிறிது நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். அதே வாரத்தில், வேறு ஒரு பாறைப் பக்கம், இங்கிலாந்துக்காரர் ஒருவரும் இறந்தார்.

சுறா மீன் கடிக்கவில்லை. பிறகு எப்படி?

தண்ணீரில் இறங்கியதும் கால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுக்கு ஏறுகிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் உயரும். குழாய் வழியே மூச்சு இழுப்பதும் சிரமம். நல்ல இதயம் இதைத் தாங்கும். பழுதுபட்ட இதயம் என்ன செய்யும்?

இன்னொரு கொடுமை. ஸ்நார்க்கலிங் செய்பவர் குப்புறத்தான் மிதப்பார். மயங்கியவரும் அப்படியே மிதப்பார். கரையில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது!

தனி நிறம்

இந்தச் சாவுகளுக்குப் பிறகு குயின்ஸ்லாந்து அரசாங்கம் விதிகளைக் கடுமையாக்கியது. இறங்கும் முன் நோய் உண்டா என்று கேட்கிறார்கள். "உண்டு" என்பவருக்கு மிதவை கொடுக்கிறார்கள். கூட ஒரு துணை. காவலாளிக்கு அடையாளம் தெரிய தனி நிறம்.

ஆனால், எல்லாரும் உண்மை சொல்கிறார்களா? பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று "இல்லை" என எழுதிவிடுகிறவர்களும் உண்டு. பெண் பார்க்கவா வந்தார்கள், நோயை மறைக்க? அந்த நிறத்தை அணிவதில் வெட்கம் எதற்கு? காவலாளியின் கண் முதலில் அங்கேதான் போகும்.

நம் ஊர்க் குடும்பங்களும் இப்போது அந்தமானுக்குப் போய் ஸ்நார்க்கலிங் செய்கின்றன. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, அம்மாவுக்கு ஆஸ்துமா என்றால், டிக்கெட் வாங்கும் முன்பே டாக்டரிடம் கேட்பது நல்லது. வலிப்பு நோய் உள்ளவருக்குத் தண்ணீரில் வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. அவர் டாக்டர் சம்மதம் இல்லாமல் இறங்கவே கூடாது. ஆஸ்துமாக்காரர் மருந்தைப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். அன்று இழுப்பு இருந்தால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.

மூச்சு முட்டுகிறதா? குழாயை எடுத்துவிடுங்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். கால் எட்டும் ஆழம் என்றால் எழுந்து நில்லுங்கள். உடனே வெளியேறுங்கள். "கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள்.

கால் நடக்காதவர் என்ன செய்வது? அவரும் பவளம் பார்க்கலாம்! தரையில் பாரமான உடலைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். மிதவைச் சட்டையும், கூடவே நீந்தும் ஓர் ஆளும் வேண்டும். அவரைத் திரும்பப் படகில் ஏற்றும் வழியை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி இல்லாத காலைப் பவளம் கீறினால் அவருக்குத் தெரியாது. ஆகையால் நீளக் கால்சட்டை அவசியம். சர்க்கரை நோயாளிக்கும் இதே யோசனைதான்.