டாக்டர் எழுதாத உடற்பயிற்சி: துடுப்பு போடுங்க!

"தினமும் அரை மணி நேரம் நடங்க." ஓபியில் யோசிக்காமலே வாயில் வரும் வாக்கியம் இது. நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

அம்பகரத்தூர்ல இருந்து வந்த ஒரு அம்மா, அறுபது வயசு, சுகர், ரெண்டு முட்டியிலும் தேய்மானம். "பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்கே முட்டி வீங்குது டாக்டர், நான் எங்க நடக்கறது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

ஆனா காரைக்கால்ல அரசலாறு இருக்கு. படகு குழாமும் இருக்கு. நாம அங்க போய் என்ன பண்றோம்? மோட்டார் போட்ல உக்காந்து செல்ஃபி எடுத்துட்டு இறங்கறோம். உடற்பயிற்சி முழுக்க இன்ஜினுக்குத்தான்!

துடுப்பு போடறப்போ உங்க எடையை இருக்கை தாங்குது, முட்டி இல்ல. கால் ஊன்றி, முதுகு சாய்ச்சு, கை இழுக்கணும். மூணும் சேர்ந்து உழைக்கும், இதயமும் சேர்த்து. மூச்சு வாங்கினா மெதுவா இழுங்க, அவ்வளவுதான். உலக அளவில் மாஸ்டர்ஸ் படகுப் போட்டிகள்ல 27 வயசுல ஆரம்பிச்சு 80 தாண்டினவங்களுக்கும் தனிப் பிரிவு இருக்கு. நம்ம ஊர்ல 50 ஆனாலே "உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அது பணக்காரங்க விளையாட்டு சார்"னு சிலர். அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப் 1867ல ஆரம்பிச்சது, உண்மைதான். அதுக்காக ஆறு அவங்களுக்கு மட்டும் சொந்தமா? 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில இந்தியாவுக்குத் துடுப்புப் படகில் முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த பஜ்ரங் லால் தாக்கர் ஒரு ராணுவ வீரர். சொந்த ஊர் எங்க? ராஜஸ்தான்! பாலைவன மாநிலத்துக்காரர் துடுப்பு போடறார், காவிரிக் கடைமடைக்காரன் கரையில நின்னு வேடிக்கை பாக்கறான்.

"அது மீனவங்க வேலை"ன்னு சொல்றவங்களுக்கு: ஆமா, அதனாலதான் கத்துக்கொடுக்க ஆள் பக்கத்துலயே இருக்காங்க. சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்க.

ஆபத்து இல்லையா? இருக்கு. லைஃப் ஜாக்கெட் இல்லாம யாரும் ஏறக்கூடாது. கூட ஒரு மீட்புப் படகு வேணும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துல படகை அவிழ்க்கவே கூடாது. நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத பிபி, டிஸ்க் பிரச்சினை இருக்கறவங்க முதல்ல உங்க டாக்டரைப் பாருங்க. முட்டி மடக்கவே முடியாதவங்களும்தான்.

கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. காலையில 6லிருந்து 8 வரைக்கும், உடற்பயிற்சிக்குன்னே நாலு துடுப்புப் படகு, ரெண்டு பயிற்சியாளர், பத்து இருபது ரூபா கட்டணம். சுற்றுலாத் துறைக்கு மனு எழுத யாராவது தயாரா? முதல் கையெழுத்து நான் போடறேன்.