பாஸ்புக் இல்லாத பேங்க்

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் எல்லாம் கரைத்துக் குடித்தவன். ஆனால் வேலை தேடிச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மாதக் கடைசியில் குடிக்க டீ கூடக் கிடையாது.

அன்று தேதி 28. காலையில் ஒரு பன். மத்தியானம் குழாய்த் தண்ணீர். ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது சாம்பார் வாசனை சட்டையைப் பிடித்து இழுத்தது. நல்ல வேளை, இஸ்திரி போட்ட சட்டை! நைஸாக உள்ளே போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன்.

பரிமாற வந்த பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"வந்து... ரெண்டு பேருக்குமே வேண்டியவன்ண்ணே..."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. ஒரு கரண்டி சாதம் கூடுதலாக வைத்துவிட்டு நகர்ந்தார். சாப்பாடு இறங்கியது. அவமானம் இறங்கவில்லை. கை கழுவப் பின்பக்கம் வந்தால், மிச்சமான சாதத்தை அண்டாவோடு குப்பைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அத்தனை விசாரணை. தொட்டிக்கு ஒரு கேள்வியும் கிடையாது!

இதே கணக்கு அமெரிக்காவிலும் உதைத்திருக்கிறது சார். அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரம். ஜான் வான் ஹெங்கல் என்று ஒருவர். பிசினஸிலிருந்து ஓய்வு பெற்று, ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். கடைகளின் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஒரு தாயை அங்கே சந்தித்தார். பணத்தை பேங்க்கில் போட்டு எடுக்கிற மாதிரி, வீணாகிற உணவுக்கும் ஒரு இடம் இருந்தால் என்ன என்று யோசனை சொன்னது அந்த அம்மாதான்.

அப்புறமென்ன? 1967-ல் செயின்ட் மேரீஸ் சர்ச் தன்னிடம் சும்மா கிடந்த பழைய பேக்கரியைக் கொடுக்க, உலகத்தின் முதல் உணவு வங்கி பிறந்தது. நசுங்கிய டப்பா, விற்காத ரொட்டி எல்லாம் டெபாசிட். தரம் பார்த்துப் பிரித்து, தர்ம ஸ்தாபனங்கள் மூலம் பட்டுவாடா.

கம்பெனிகள் சும்மா கொடுக்குமா? 1976-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டது. சரக்கை ஏழைகளுக்கு தானமாகக் கொடுக்கும் கம்பெனிக்குக் கூடுதல் வரிச் சலுகை. தர்மம் தலையை மட்டுமில்லை, டாக்ஸையும் காத்தது! இன்று 'ஃபீடிங் அமெரிக்கா' என்ற அமைப்பின் கீழ் சுமார் 200 உணவு வங்கிகள்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். பேங்க்கில் பணம் எடுக்கிறவனை யாராவது பரிதாபமாகப் பார்க்கிறார்களா? தலை நிமிர்ந்து போகலாம், வரலாம். பசிக்கிறவனுக்குச் சோற்றைவிட முக்கியம் அது. பட்டவன் சொல்கிறேன்.

நம்ம ஊரில் ஒரு சிக்கல். டப்பாவை கோடவுனில் வைக்கலாம். சாம்பாரை வைத்தால்? விடிவதற்குள் திவால்! அதனால் இங்கே வட்டி முக்கியமில்லை, வேகம்தான் முக்கியம். கோயம்புத்தூரில் 2014-ல் இளைஞர்கள் ஆரம்பித்த 'நோ ஃபுட் வேஸ்ட்' செய்வது அதைத்தான். கல்யாண வீட்டில் மிஞ்சியதைக் கெடுவதற்குள் வாங்கிப்போய்ப் பசித்தவர்களிடம் சேர்க்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது, கடைசிப் பந்தி நடக்கும்போதே ஒரு போன். மறுநாள் காலையில் ஞாபகம் வந்து புண்ணியமில்லை.

போன மாதம் என் தங்கை கல்யாணம். போன் செய்கிற டிபார்ட்மென்ட் என்னுடையது. பேசிவிட்டுத் திரும்பினால், கடைசிப் பந்தியில் ஒரு பையன். இஸ்திரி போட்ட சட்டை. குனிந்த தலை நிமிரவில்லை.

மாமா என் காதைக் கடித்தார். "யாருடா அது? நம்ம சைடா, மாப்பிள்ளை சைடா?"

"நம்ம சைடுதான் மாமா" என்றேன். கையில் சாத வாளியை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் தேதி 28.