காம்பராவை அல்ல, குடும்பத்தை எண்ணுங்கள்



"தோட்டத்து ஆட்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, சேமலாப நிதி இருக்கிறது. இவர்களுக்கு எதற்கு அஸ்வெசும?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மழையிலும் கொழுந்து குறைவிலும் மாதத்துக்கு 12 பேர்தான் விழுந்தது என்றால் 16,200 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 1,296 ரூபா பிடித்தால் மிச்சம் 14,904. கடைக் கடன் அதற்குள்தான். பிடித்த பணமோ பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில்தான் கைக்கு வரும். இன்றைக்குப் பிள்ளைக்குக் கொப்பி வாங்க அது உதவாது. பேர் விழாத மாதத்தில் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புத்தான். பாடசாலையில் அதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

அரசாங்கத்தின் 2019 கணக்கெடுப்பே, நாட்டில் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம் என்கிறது. 2022 விலையேற்றம் அதற்குப் பிறகு வந்தது.

சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. வீடு, மின்சாரம், சொத்து, கல்வி என்று 22 சுட்டிகளைப் பார்த்துப் பிரிவு போடுகிறார்கள். 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு உயர்ந்தபட்சம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. ஒரு பிரிவு தவறினால் 7,500 ரூபா போய்விடும்.

லயத்து வாழ்க்கை இந்தச் சுட்டிகளுக்குள் அடங்குவதில்லை. ஒரு காம்பராவில் பெற்றோருக்கு ஓர் அடுப்பு, கலியாணம் முடித்த மகனுக்கு ஓர் அடுப்பு. மின்மானி ஒன்றுதான். கல்லுச் சுவர் இருக்கிறது, ஆனால் அது தோட்டத்துக்குச் சொந்தம். நமக்கு அது சொத்தாகாது.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒரு காம்பராவில் எத்தனை குடும்பமோ, அத்தனையையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

நாட்சம்பளத்தை 25ஆல் பெருக்கி வருமானம் எழுதக் கூடாது. விழுந்த பேரைச் சம்பளச் சீட்டில் பார்த்து எழுத வேண்டும்.

பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் தமிழ்ப் படிவத்தோடு தோட்டத்துக்கே வந்து மேன்முறையீடுகளை ஏற்க வேண்டும். செயலகத்துக்குப் போய்வர ஒரு நாள் பேர் போகிறது.

சம்பளம் கூடிய உடனே கொடுப்பனவை வெட்டக் கூடாது.

இது யாரும் போடும் பிச்சையல்ல. தேயிலையால் நாட்டுக்கு டொலர் தேடிக் கொடுப்பவர்களின் உரிமை. விடுபட்ட குடும்பங்கள் சம்பளச் சீட்டையும் அடையாள அட்டைப் பிரதியையும் எடுத்துக்கொண்டு தோட்டக் கமிட்டித் தலைவரைச் சந்தியுங்கள். மேன்முறையீட்டை எழுத நாங்கள் உதவுகிறோம்.